வில்லுப்பாட்டில் நான் ஆமா போட்ட கதை

வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பொறாமை என்று ஒரு வகை உண்டு. பக்கத்து வீட்டுக்காரி புது வளையல் போட்டால் வருவது, கூடப் படித்தவள் மாடி வீடு கட்டினால் வருவது. அதையெல்லாம் சொன்னால் கேட்கிறவர்களும் தலையாட்டிக்கொண்டு, தங்கள் பங்குக்கு நாலு பொறாமையை எடுத்துவிடுவார்கள். எனக்கு வந்தது அந்த வகை இல்லை. கட்டின புருஷன் மேல் வந்தது. அதுவும் எப்போது வந்தது? அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து மனசாரச் சந்தோஷப்பட வேண்டும் என்று ஊருக்குச் சொல்வதற்காக நானே உட்கார்ந்து ஒரு வில்லுப்பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது. (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை.)

என் பெயர் பேச்சியம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் எதைச் சொன்னாலும் முப்பது பிள்ளைகள் சேர்ந்து "ஆமா டீச்சர்" என்று சொல்லிக் கேட்டே பழகிய காது என்னுடையது. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாய் திறக்காத மனுஷன். வீட்டில் அவர் அதிகமாகச் சொல்லும் வார்த்தையும் "ஆமா"தான். ஆகக்கூடி, பள்ளியிலும் வீட்டிலும் எனக்கு எதிர்ப்பே கிடையாது. இந்த நிலையில் இருக்கிற ஒருத்திக்குத் தன்னைப் பற்றி என்ன எண்ணம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தையல் கடை மாடியில் நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். கூட்டியவர் அமுதா அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. புத்தர் சொன்ன ஐந்து சீலங்களை வீட்டிலும் வேலையிலும் நிஜமாகவே கடைப்பிடித்துப் பார்ப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு. உயிரைக் கொல்லாதே, கொடுக்காததை எடுக்காதே, தப்பான உறவு வேண்டாம், பொய் சொல்லாதே, போதை வேண்டாம். காது கொடுத்துக் கேட்கச் சுலபம். முதல் வாரமே பாதிப் பேர் பொய்யில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அமுதா அக்கா சொன்னாள்: "கண்ண மூடி உக்காந்துட்டு எந்திரிச்சுப் போறதுக்கு எதுக்கு இத்தன பேரு? எல்லாரும் சேந்து ஒண்ணு செஞ்சு பாப்பமே. வைகாசிப் பௌர்ணமிக்கு ஒரு வில்லுப்பாட்டு போடுவோம். செய்யும்போதுதான் நம்ம லெச்சணம் தெரியும்."

தெரிந்தது. ஆனால் அது பின்னால்.

அக்கா மூன்று விதி போட்டாள். ஒவ்வொரு ஒத்திகையும் தொடங்கும் முன் வட்டமாக உட்கார்ந்து, போன வாரம் எந்தச் சீலத்தில் தவறினோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பாட்டில் எந்த வரிக்கும் சொந்தக்காரர் கிடையாது. யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் பெயரையும் மேடையில் சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் கழுத்தறுப்பு. நல்லது ஒன்று நடந்தால் கை கூப்பி "சாது, சாது, சாது" என்று மூன்று தரம் சொல்வது பௌத்தர்கள் வழக்கம். நீ செய்த நல்லதில் எனக்கும் சந்தோஷம் என்று அர்த்தம். ஒருவர் வரி எடுபட்டால் எல்லோரும் சாது சொல்ல வேண்டும். யார் வரி அடிபட்டதோ அவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

நான் கவலைப்படவில்லை. யார் வரி அடிபடப்போகிறது, என் வரியா? பள்ளி ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் பாட்டுக் கட்டுகிறவள் நான். ஒரே வாரத்தில் கதையை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். தாமிரபரணி வாய்க்காலில் மேல வயல்காரி ஒருத்தி, கீழ வயல்காரி ஒருத்தி. கீழ வயலில் பயிர் தளதளவென்று நிற்பதைப் பொறுக்காமல் மேல வயல்காரி மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலை அடைத்துவிடுகிறாள். போக வழியில்லாத தண்ணீர் அவள் வயலிலேயே ஏறி நின்று அவள் பயிரையே அழுகவைக்கிறது. கடைசியில் கீழ வயல்காரிதான் மண்வெட்டியோடு வந்து அடைப்பை வெட்டி இவள் பயிரைக் காப்பாற்றுகிறாள். அடுத்தவர் நலத்தில் மகிழ்வதற்குப் பௌத்தத்தில் முதிதை என்று பெயர். கதை அதில் போய் முடியும். எல்லோரும் சாது சொன்னார்கள். அந்த மூன்று சாதுவும் காதில் தேனாகப் பாய்ந்தது.

வில்லடித்துப் பாடுகிற தலைமைப் பாட்டுக்காரரைப் புலவர் என்பார்கள். புலவர் நான்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனாலும் வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோலுக்குப் பதில் இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்று பழகினேன். மேடைக்கு அரக்கு நிறத்தில் சேலை எடுத்துவைத்தேன். நிலைக்கண்ணாடி முன் நின்று, கைதட்டல் ஓயும்வரை எப்படிப் பொறுமையாகக் காத்திருப்பது என்றுகூடப் பழகினேன். (அடக்கமாகப் புன்னகைப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று.)

வில்லைக் கட்டிவைக்கும் மண் குடத்தை அடிக்கத் தமீம் பாய் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். அமுதா அக்காவோடு ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் வட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. "பொய் சொல்லாத, குடிக்காத, களவாங்காதங்கீக. எங்க வாப்பாவும் இதத்தான் சொன்னாவ. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, நான் குடம் அடிக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். உடுக்கைக்கு அமுதா அக்கா.

என் வீட்டுக்காரர் வேலை, என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கீழே காத்திருப்பது. அவ்வளவுதான். ஒரு ஞாயிறு திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அமுதா அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நனையாதீக, மேல வாங்க" என்று கூப்பிட்டாள். வந்து ஓரமாக உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒத்திகை நிற்க வேண்டாமே என்று அக்கா அவரிடம் தாளைக் கொடுத்து, "சும்மா படிச்சு மட்டும் காட்டுங்க" என்றாள்.

அவர் படிக்கவில்லை. பாடினார்.

சின்ன வயதில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே வளர்ந்தவராம். பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. கடையில் மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி ஏறிய தொண்டை அந்த மாடியையே நிறைத்தது. கீழே தையல் மிஷின் நின்றது. தமீம் பாய் தன்னை மறந்து குடத்தில் ஒரு போடு போட்டு, "வே சுடலை! எங்கன வே வச்சிருந்தீரு இத்தன நாளு இந்தத் தொண்டைய?" என்றார். மற்ற ஒன்பது பேரும் ஒரே குரலில் சாது, சாது, சாது. எனக்கும் கை கூப்ப வேண்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது "சா" மட்டும்தான். "து" உள்ளேயே நின்றுகொண்டது.

அடுத்த வாரம் அமுதா அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "பேச்சி, தப்பா எடுக்காத. வில்லுக்கு அண்ணாச்சியே இருக்கட்டும். நீ பக்கத்துல இருந்து ஆமா போடு."

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால், பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" என்று போட வேண்டும். நடுவில் "அப்புறம்?" என்று கேட்கலாம், குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஆனால் அடிப்படை வேலை ஆமா. நான் எழுதிய வரியை அவர் பாடுவார், அது சரிதான் என்று நானே சாட்சி சொல்ல வேண்டும். அவர்களெல்லாம் அவரைப் "புலவரே, புலவரே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு வரி எழுதியிராத மனுஷன் புலவர். அத்தனை வரியும் எழுதிய நான் ஆமா!

வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. அவர் கடைக்குப் போகும்போது என் வரியை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தால் எரியும். பால்காரர் அதைக் கேட்டு நின்றால் இன்னும் கொஞ்சம் எரியும்.

போன வாரத் தவற்றைச் சொல்லும் நேரம் வந்தால் அது வேறு. அவர் முறை வரும்போது தலையைச் சொறிந்துகொண்டு, "ஒருத்தருக்கு நாளைக்கு மோட்டார் தாரேன்னு சொல்லிட்டேன். இன்னும் பிரிக்கவே இல்ல. பொய்தான் அது" என்பார். எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார் என்று அதற்கும் சாது சொன்னார்கள். தப்பு செய்ததற்குக்கூட அவருக்குத்தான் வாழ்த்து. என் முறை வந்தால் நான் என்ன சொல்ல? "புருஷன் தொண்டை கட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன்" என்றா? "கொசு அடிச்சுட்டேன்" என்றேன். அடுத்த வாரமும் கொசு. அதற்கடுத்த வாரமும் கொசு. அமுதா அக்கா பொறுக்க முடியாமல், "ஏளா, உங்க வீட்டுல கொசுவலை கெடையாதா?" என்று கேட்டாள். உண்மையில் நான் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை. அதுவும் பொய்.

தொண்டை கட்டட்டும் என்று வெறுமனே நினைத்ததோடு நிற்கவில்லை. சித்திரை வெயில் அதற்கு வசதியாக வந்தது. தினமும் அவர் கடையிலிருந்து வந்ததும் பெரிய சொம்பு நிறைய ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். "குடிங்க, தொண்டைக்கு நல்லது" என்று சொல்லியே கொடுத்தேன். மனுஷன் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "நீயும் குடிட்டி, வெயில்ல வந்திருக்க" என்று மீதியை என்னிடம் நீட்டுவார். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நானும் குடித்தேன். பத்து நாளில் எனக்குச் சளி பிடித்து மூக்கால் பேச ஆரம்பித்தேன். அவர் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போதாக்குறைக்கு, "புலவர் தொண்டை இப்பத்தான் தெளிஞ்சிருக்கு" என்று தமீம் பாய் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, முதிதை முதிதைன்னு கடசியில வருதே, அப்படின்னா என்ன?"

இத்தனை நாள் அர்த்தம் தெரியாமல் உருகி உருகிப் பாடியிருக்கிறார்! ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "அடுத்தவங்க நல்லா இருக்கதப் பாத்து சந்தோசப்படுதது" என்றேன்.

"இவ்வளவுதானா? அது எல்லாரும் செய்யுததுதான. இதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காவளா?" என்றபடி ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அந்த ரசத்தோடு என் முடிவு உறுதியாயிற்று. இந்த மனுஷனுக்குத் தாளில் இருப்பதைத் தவிர ஒன்றும் வராது. மேடையில் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டால் முழிப்பார். ஆமா போடுகிறவருக்குக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. புலவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாமல் அவர் நிற்கும்போது நான் எடுத்துச் சொல்வேன். யார் நிஜமான புலவர் என்று ஊருக்குத் தெரியட்டும். கேள்வியை நான்கு தரம் எழுதித் திருத்தி மனப்பாடம் செய்தேன். (பாட்டுக்குக்கூட இரண்டு தரம்தான் திருத்தினேன்.)

சீவலப்பேரி போகிற வழியில் ஒரு ஊர். நூலகத்துக்கு முன்னால் இருந்த திடலில் மேடை. வெயில் தாழ்ந்த நேரத்தில் சனம் திரண்டுவிட்டது. முன்வரிசையில் என் மாமியார். புத்தர் வட்டமெல்லாம் அத்தைக்குப் பிடிக்காது. ஆனால் மகன் வில்லடிக்கிறான் என்றதும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வெள்ளனவே வந்து இடம் பிடித்துவிட்டார். நான் எத்தனையோ ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு ஒன்றுக்கும் வந்ததில்லை. மேடையில் புலவர் உட்கார மெல்லிய பத்தமடைப் பாய் போட்டிருந்தார்கள். ஆமா போடுகிறவருக்குத் தார்ப்பாய். அந்தப் பத்தமடைப் பாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பித்தார். என் மேல வயல்காரி மண்ணை வெட்டினாள், என் கீழ வயல்காரி வாடிய பயிரைப் பார்த்து அழுதாள், திடலில் நாலைந்து பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் அடைத்த மூக்கோடு ஆமா, ஆமா என்று போட்டுக்கொண்டே இருந்தேன். என் வரிக்கு அழுகிறார்கள், அவர் முகத்தைப் பார்த்து அழுகிறார்கள். முதிதை வந்தது. கதை முடியப்போகிறது. நான் மைக்கை இழுத்தேன்.

"நில்லும் புலவரே! அடுத்தவர் வாழ்வைக் கண்டு ஆனந்தப்படணும்னு வாய் நிறையப் பாடுதீரே. அப்படி ஒரு ஆளு இந்த உலகத்துல உண்டா? உண்டுன்னா இப்பவே எங்களுக்குக் காட்டும் பாப்போம்!"

உடுக்கை நின்றது. அமுதா அக்கா தாளைப் புரட்டினாள், இந்த வரி அதில் இல்லை. அவர் வீசுகோலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் நினைத்தது போலவே முழித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். ஐந்து வந்ததும் நானே பதில் சொல்வதாக ஏற்பாடு.

நாலில் அவர் சிரித்தார்.

"எதுக்கு அலையணும்? இன்னா, பக்கத்துலயே இருக்காளே" என்று என்னைக் காட்டினார். "இவ என் வீட்டுக்காரி. பேரச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு, அமுதாக்கா மன்னிக்கணும். இந்தக் கதையில ஒவ்வொரு எழுத்தும் இவ எழுதினது. நியாயமாப் பாத்தா இந்த எடத்துல இவதான் இருக்கணும். என்னயப் பாடச் சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்து எனக்கு ஆமா போடுதா. தொண்ட கட்டிரக் கூடாதுன்னு தெனமும் ஐஸ் தண்ணி வேற குடுக்கா. நீங்க எனக்குக் கை தட்டும்போது இவ மொகத்தப் பாருங்க, எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா! இதான் முதிதை. என்ன, நான் சொல்லுதது சரிதான?"

முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பூரித்திருக்கவில்லை என்று மட்டும் தெரியும். முன்வரிசையில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

இரண்டு மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான். யாராவது ஒருவர் நாலு பேர் முன்னால், இதை எழுதியது இவள்தான் என்று சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன். அதை அவர் விதியை மீறிச் சொல்லிவிட்டார். நான் அவரைக் கவிழ்க்க வெட்டிய குழியில் நின்றுகொண்டு சொன்னார். இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆமா போட வேண்டும்.

ஆமா என்றால் பச்சைப் பொய். பொய் சொல்லாதே என்று சீலம் எடுத்துக்கொண்ட வட்டம் மொத்தமும் மேடையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தமீம் பாய் நிலைமையைச் சமாளிக்கக் குடத்தில் ஒரு சுற்று அடித்து நிறுத்தினார். ஆமா வரவில்லை. இன்னொரு சுற்று அடித்தார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "என்னட்டி, ஆமாதான?" என்றார்.

"இல்ல" என்றேன்.

மைக் அதைத் திடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வில்லுப்பாட்டு தோன்றிய நாளிலிருந்து ஆமா போட உட்கார்ந்தவர் யாராவது இல்லை என்று சொன்னதுண்டா, எனக்குத் தெரியவில்லை. அவர், "என்ன இல்ல?" என்றார். ஒரு தரம் திறந்த வாய் அதற்குமேல் நிற்கவில்லை.

"நான் பூரிக்கல! வெந்துபோயிருக்கேன். நீங்க பாடுத ஒவ்வொரு வரிக்கும் எனக்கு வயிறு எரியுது. ஐஸ் தண்ணி குடுத்ததே உங்க தொண்ட கட்டணும்னுதான். நான் கொசுவே அடிக்கல அமுதாக்கா, எல்லாம் பொய். இந்தக் கேள்வியும் உங்கள முழிக்க வைக்கத்தான் கேட்டேன்" என்று மைக்கிலேயே கொட்டி, மைக்கிலேயே மூக்கைச் சிந்தினேன்.

முதலில் கேட்டது என் மாமியார் குரல்தான். "ஏ கோட்டிக்காரி! எம் புள்ளைக்கா ஐஸ் தண்ணி குடுத்த?"

அவர் அத்தையைக் கையமர்த்தினார். என்னையே பார்த்தார். கோபம் இல்லை, மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு எங்கே கோளாறு என்று தேடுவாரே, அந்தப் பார்வை. பிறகு இரண்டு வீசுகோலையும் என் பக்கம் நீட்டினார்.

"இது வேணும்னா கேட்டிருக்கலாம்லா? கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

அதைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கும். வாங்கினேன். எழுந்து, அவர் நகர்ந்து இடம் விட்ட பத்தமடைப் பாயில் போய் உட்கார்ந்து, கண்ணீர் மறைக்க, அடுக்களையில் கரண்டியை ஓங்கிய அதே வேகத்தில் ஓங்கினேன். வீசுகோல் வில்லில் படவில்லை. குடத்தின் கழுத்தில் பட்டது. படீரென்று குடம் விரிந்தது. அதில் கட்டியிருந்த வில் துள்ளி எழுந்து மணியெல்லாம் கலகலவென்று குலுங்க என் மடியில் விழுந்தது. தமீம் பாய் கையில் குடத்தின் வாய் மட்டும் ஒரு வளையமாக மிஞ்சியிருந்தது. அதை உயர்த்திப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அந்த மேல வயல்காரி யாருன்னு இப்பத்தான் வெளங்குது" என்றார். மங்களம் பாடாமலே நிகழ்ச்சி முடிந்தது.

கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லாமே நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். "அந்த அழுத அம்மா என்னமா நடிச்சிச்சு" என்று போகிற வழியில் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

வீடு திரும்பும்போது வண்டியில் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பாலம் ஏறும்போது அவராகச் சொன்னார்: "ஐஸ் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வெயிலுக்கு."

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"ம்" என்றார். பாலம் இறங்கிய பிறகு, "எம்மேல பொறாமப்படுத அளவுக்கா பாடினேன்?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது. அதற்கும் எரிந்தது. ஆனால் முதல் தடவையாக அதை அப்போதே சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்த ஊர்க்காரர்கள் அடுத்த பௌர்ணமிக்கும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வில் எனக்கு, ஆமா அவருக்கு என்று அமுதா அக்கா முடிவு செய்தாள். தமீம் பாய் புதுக் குடத்தோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். அரக்குச் சேலை கட்டி, பத்தமடைப் பாயில் உட்கார்ந்து, ஒரு வரி பிசகாமல் முழுக் கதையையும் பாடி முடித்தேன். அடக்கமான புன்னகையைக்கூட மறக்கவில்லை. முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வேகவேகமாக மேடைக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஆமா போட்டது நீருதானா? என்ன ஒரு ஆமா! மனசாரச் சொன்னீரய்யா. எங்க வீட்டுல ஒரு மனுசன் இருக்காரு, நாப்பது வருசத்துல எனக்கு ஒரு ஆமா சொன்னதில்ல."

பின்னாலேயே இன்னும் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். பாடியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"என்ன ஒரு ஆமா" எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டு யாராவது ஆமா என்றால், ஒரு மூலையிலிருந்து "என்ன ஒரு ஆமா!" வரும். போன மாதம் நாத்தனார் மகள் வளைகாப்பில், என்னைப் பற்றி யாரோ விசாரிக்க, மாமியார் ஆரம்பித்துவிட்டார். "பாடுவா, பாடுவா. அவளுக்கென்ன. எம் மவன் போடுத ஆமா இருக்கே, அதக் கேக்கணும்." உடனே மண்டபமே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. ஒரு தரம் போட்டுக் காட்டச் சொல்லி ஒரே பிடிவாதம்.

அவர் கூச்சத்தோடு என்னைக் காட்டினார். "அவ ஏதாச்சும் சொன்னாத்தான நான் ஆமா போட முடியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "எனக்கு இந்த மனுசர் மேல இன்னும் பொறாமதான்" என்றேன்.

"ஆமா!" என்றார் அவர், முகமெல்லாம் பூரித்து.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எனக்கில்லை.